மொன்றியலுக்குக் கொண்டுபோன மூன்று இறகுகள்

விமானத்தில் கொடுத்த அட்டையில் ஒரு கேள்வி இருந்தது. இறைச்சி, செடி, விலங்கு, பறவை, அவற்றின் பாகங்கள் ஏதாவது கொண்டு வருகிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் ‘இல்லை’யில் கோடு போட்டேன். போட்டதும் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் கைப்பையில் கல்லூரிக் கோப்பு ஒன்று, அதற்குள் பழுப்பு உறை ஒன்று, உறைக்குள் மூன்று இறகுகள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சியகத்தை அப்போது இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் கண்ணாடி அலமாரி ஒன்றில், பாடம் செய்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று நிற்கிறது. வாத்தைவிடப் பெரிய உடம்பு. சிறகு மட்டும் கைக்குழந்தையின் கை அளவு. கனடாவிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர், தன் வீட்டில் தலைமுறையாக இருந்தது என்று சொல்லிக் கொடுத்தாராம். கீழே ஒட்டிய சீட்டில் ‘கிரேட் ஆக்’ என்று எழுதியிருந்தது.

அது பறக்கத் தெரியாத கடற்பறவை. வட அட்லாண்டிக் தீவுகளில் கூட்டம் கூட்டமாக இருந்தது. மாலுமிகள் கரைக்கும் படகுக்கும் நடுவில் பலகை போட்டு, ஆடு ஓட்டுவதுபோல் ஓட்டி ஏற்றினார்கள். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் மெத்தையில் அடைக்கும் இறகுக்குமாகக் கொன்று தீர்த்தார்கள். இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. பாடம் செய்து வைத்தவையும் உலகத்தில் எண்ணிச் சொல்லிவிடக்கூடிய அளவுதான்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து இதைச் சொல்லும்வரை எங்கள் யாருக்கும் அதன் அருமை தெரியாது. தெரிந்ததும் கல்லூரி முதல்வருக்குக் கால் தரையில் பாவவில்லை. டிசம்பரில் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அதில் பறவையை உலகத்துக்கு அறிவித்துவிட வேண்டும் என்றார். வெளிநாட்டுக் காட்சியகங்களுக்கு எழுதினோம். பதில் எழுதியவர், மொன்றியலில் சிறிய காட்சியகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒடெத் என்ற அம்மையார் மட்டும். படத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, இறகு வேண்டும், இரண்டு நாட்டு அனுமதியும் வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

“தேவசகாயம், மூணு இறகுதானே? நீங்களே கையில கொண்டுட்டுப் போயிருங்க.”

இப்படித்தான் 2004 அக்டோபரில், ஐம்பத்து நான்கு வயதில், முதல்முறையாக வெளிநாட்டு மண்ணில் கால் வைத்தேன்.

மொன்றியல் விமான நிலையத்தில் என்னைத் தனியாக ஒரு மேசைக்கு அழைத்தார்கள். அதிகாரி சிறு பெண், என் மகள் வயதிருக்கும். என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை மோந்து பார்த்துவிட்டு மூடினாள். அப்பளக்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோப்பைத் திறந்தாள். பறவையின் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். “பென்குவினா?” என்று சிரித்தாள். “இல்லை, வேறு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. உறைக்கு ஒரு தாள் முன்னால் கோப்பை மூடி, “பொன்ஜூர்” என்று வழிவிட்டாள். தப்பித்தோம் என்ற நிம்மதியே வரவில்லை. பொய் சொன்னவன் என்று நெற்றியில் எழுதியிருப்பதுபோல் இருந்தது.

வெளியே சூசை காத்திருந்தார். மன்னார்க்காரர். தொண்ணூறில் குடும்பத்தோடு கடல் தாண்டி அகதியாக வந்து, திருநெல்வேலிப் பக்கத்து முகாமில் இருந்தபோது எங்கள் கல்லூரியில் கொத்து வேலை செய்தவர். அந்த அலமாரி நிற்கும் சிமெண்ட் மேடையே அவர் கட்டியதுதான். இப்போது மொன்றியலில் டாக்ஸி ஓட்டுகிறார்.

“உந்தக் கறுப்புக் குருவிக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள், சேர்?” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். இறகைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் இரண்டாம் மாடியில் வீடு. தெருவில் இறங்கினால் தமிழும் பஞ்சாபியும் கிரேக்கமும் ஒரே நடைபாதையில் கேட்கிறது. சூசையின் மனைவி பிலோமினா, சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் ‘கார்டெரி’யில் வேலை பார்க்கிறார், அங்கேயே பிரெஞ்சு படித்துக்கொண்டாராம். மகன் டொரோண்டோவில். அன்று புட்டும், கொட் மீனைத் தேங்காய்ப்பாலில் போட்ட சொதியும் வைத்தார். நம் ஊர்ச் சீலாவின் வாசம் அந்த மீனில் இல்லை. ஆனால் பசியில் தட்டை வழித்துவிட்டேன்.

“வடிவாச் சாப்பிடுங்கோ, அண்ணை. நாளைக்குக் குளிருக்கை அலைய வேணும்” என்றார்.

அவர் சொன்னது பலித்தது. மறுநாள் காலை மெட்ரோவில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். ஒலிபெருக்கி சொன்ன நிலையப் பெயர் எதுவும் காதில் தங்கவில்லை. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கியபிறகும் உறையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊழியர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அவர் எதிர்ப்பக்க நடைமேடையைக் கைகாட்டினார், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். ஒடெத் கோபித்துக்கொள்ளவில்லை. அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. ஆங்கிலத்தில் பேசினார். சூடாகக் காப்பி கொடுத்து, புகைப்படங்களை மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். நான் உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கை நீண்டது. பாதியில் நின்றது.

“அனுமதிப் பத்திரம்?”

நான் கல்லூரிக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. விமானத்தில் அட்டையில் கோடு போட்டதுவரை சொல்லிவிட்டேன்.

ஒடெத் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “நான் இதைத் தொடக்கூடாது. இந்த நாட்டில் கடற்பறவையின் ஒரு இறகை வைத்திருந்தாலும் அதற்குத் தாள் வேண்டும். அந்தச் சட்டத்துக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் போராடினார்கள் தெரியுமா? தொப்பியில் செருகுவதற்காகத் தீவு தீவாகச் சுட்டுத் தள்ளினார்கள். ஒவ்வொருவரும் ‘என் தொப்பியில் இருப்பது ஒன்றுதானே’ என்றுதான் சொன்னார்கள்.”

மூணு இறகுதானே என்று முதல்வர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு முகம் எரிந்தது.

“நான் தகவல் சொல்லியாக வேண்டும்” என்று தொலைபேசியை எடுத்தார். சொல்லும்போது அவர் குரலும் தளர்ந்துதான் இருந்தது.

சீருடை அணிந்த வனவிலங்கு அதிகாரி வந்தார். உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முத்திரை வைத்தார். கடவுச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். தங்கியிருக்கும் விலாசம் என்ன என்றார். சூசையின் வீட்டு விலாசத்தையும் பெயரையும் சொன்னேன். விசாரித்து முடிவு சொல்வோம், அதுவரை எங்கேயும் போக வேண்டாம் என்றார். ஆறு நாளில் எனக்கு விமானம்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். பிலோமினா கையில் இருந்த தேநீரை மேசையில் வைத்தார். சூசை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

“எங்கட விலாசத்தையோ குடுத்தனீங்கள்?”

“வேற எத குடுப்பேன், சூசை?”

“வாற மாசம் எங்களுக்குச் சிட்டிசன் சோதனை, சேர். இஞ்ச வந்த நாள் தொட்டு ஒரு பொலிஸ்காரனும் எங்கட பேரை எழுதேல்ல. அதுக்காகச் சிவப்பு லைட்டிலை ஒரு நாளும் டாக்ஸியை விட்டதில்லை. நீங்கள் வந்த இரண்டாம் நாளே எழுத வைச்சுப்போட்டியள்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். முகாமில் இருந்தபோது நான் அவருக்கு எழுதிக்கொடுத்த மனுக்களையோ, சிபாரிசுகளையோ அவர் மறந்தவர் இல்லை. மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த இரண்டு நாளும் நான் வெளியே போகவில்லை. கீழ்க்கதவு மணி அடித்தால் ஜன்னலைவிட்டு விலகிக்கொண்டேன். தபால்காரர், பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மாள், பீட்சா கொண்டுவந்தவன், எல்லோரும் அதிகாரிகளாகவே படியேறினார்கள். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பெருங்கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாத்துக்கூட்டம் வளைந்த கோடாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஊர் நடுவில் இப்படிப் பயமில்லாமல் கத்திக்கொண்டு பறவைகள் போவதை நான் பார்த்ததில்லை. நம் ஊர்க் குளங்களில் கொக்கு சுடுகிறவர்களை நாம் கேட்டதும் இல்லையே என்று அப்போது நினைத்தேன்.

சூசை பேசுவதைக் குறைத்திருந்தார். ஆனால் வேலை முடிந்து வரும்போது எனக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக்கட்டியும் கொழகொழத்த குழம்பும் ஊற்றியிருந்தார்கள். “பூட்டின் எண்டு சொல்லுறது. இந்த ஊருக்கு வந்தால் தின்ன வேணும்” என்று வைத்துவிட்டுப் போனார். வறுத்ததை எதற்கு நனைக்கிறார்கள் என்று புரியவில்லை. ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பிலோமினா கார்டெரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். “இருந்து பயப்பிடுறதைவிடக் கேட்டுப் பாப்பம்.” அதிகாரியோடு பிரெஞ்சில் பேசினார். பிள்ளைகளிடம் பேசுகிற அதே பொறுமையான குரல். எதிர்முனை ஏதோ சொல்ல, “வி, வி” என்று தலையாட்டினார். என்னால் உட்கார முடியவில்லை. சுவரில் இருந்த மாதா படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு எழுத்திலை ஒரு எச்சரிக்கை. நீங்களாவே உண்மையைச் சொன்னபடியாலை அதோட விடீனமாம். எங்கட பேருக்கு ஒண்டும் இல்லையாம், விலாசம் மட்டும்தானாம். இரண்டு தரம் கேட்டுப்போட்டன். இறகு திரும்ப வராது.”

“அப்ப, அந்த ஆராய்ச்சி?”

“அதுதான் சொல்ல வாறன். பிடிச்ச இறகு என்ன பறவையின்ரை எண்டு அவையளுக்கும் தெரிய வேணுமாம். உங்கட ஒடெத்திட்டையே குடுத்துக் கேட்டவையாம். அவா முடிவு சொல்லிப்போட்டா.” கொஞ்சம் தயங்கினார். “இரண்டு இறகு ரேசர்பில் எண்ட வேற கடல் பறவையாம். மற்றது வெறும் வாத்தாம்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ரேசர்பில் அதே கறுப்பு வெள்ளை, ஆனால் பறக்கும்; காகத்தைவிடச் சற்றே பெரியது. ஆக் அழிந்தபிறகு, அதை வாங்கி வைக்க ஆசைப்பட்டவர்கள் மட்டும் அழியவில்லை. அவர்களுக்காக யாரோ ஒரு வியாபாரி ரேசர்பில்களின் தோலை ஒட்டுப்போட்டு, மரத்தில் அலகு செய்து, பறவையைச் செய்தே விற்றிருக்கிறான். இருபத்தாறு வருடம் நான் தூசி தட்டியது அதைத்தான்.

அப்போதே முதல்வருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

“சார், அது ஆக் இல்ல. செஞ்சது.”

“அந்த அம்மா எழுத்துல குடுக்காங்களா?”

“நாளைக்குக் குடுப்பாங்க, சார்.”

“வாங்கிக்கிடுங்க. ஆனா இங்க கொண்டுவரணும்னு இல்ல.”

“கொண்டுவருவேன், சார்.”

அவர் வைத்துவிட்டார். விழா நடந்தபோது அந்த அலமாரிக்குப் பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள் என்பதையும், அடுத்த முதல்வர் வந்தபிறகுதான் என்னால் அந்தச் சீட்டை மாற்ற முடிந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கடிதம் வாங்கப் போனபோது பிலோமினாவும் கூட வந்தார். பிரெஞ்சில் இருக்கும் தாள்களில் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் காரணம். ஒடெத் அவரைக் கண்டதும் பிரெஞ்சுக்கு மாறினார், முகமும் மலர்ந்தது. கையெழுத்துகள் முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்று எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். முட்டைகள். பஞ்சில் வரிசை வரிசையாக, ஆக்கின் இனத்துக் கடற்பறவைகளின் ஒரு முனை கூர்த்த பெரிய முட்டைகள். நீலமும் பச்சையும் வெள்ளையுமாக, மேலே மை கொட்டிக் கிறுக்கியதுபோல் கோடுகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒடெத் சொல்லச் சொல்ல பிலோமினா தமிழில் சொன்னார்.

“மொன்றியலாலை ஓடுற ஆறு கடலோட சேருற இடத்திலை, வடக்குக் கரைத் தீவுகளிலை எடுத்ததாம். பட்டணத்துக்கு முட்டை கொண்டுபோக எண்டே கப்பல்கள் வாறதாம். வந்த உடனை முதல்…” நிறுத்தினார். ஒடெத்திடம் திரும்பி ஏதோ கேட்டு உறுதிசெய்துகொண்டார். “முதல் தீவிலை இருக்கிற முட்டை எல்லாத்தையும் மிதிச்சு உடைப்பினமாம். அப்பத்தான் பேந்து வரேக்கை புது முட்டை மட்டும் இருக்குமாம். பழுது எது, நல்லது எது எண்டு பாக்கத் தேவையில்லையாம்.”

ஒடெத்தின் தாத்தாவே அப்படி முட்டை பொறுக்கியவர்தானாம். பறவைகளைக் காக்க வேண்டும் என்று பட்டணத்தில் சிலர் எழுதியும் பேசியும் சட்டம் கொண்டுவந்தபோது, அவர்களைத் திட்டித் தீர்த்தவராம். பிறகு அதே தீவுக்குக் காவல்காரர் வேலை வந்ததும் ஏற்றுக்கொண்டார். “பறவைமேல் பிரியத்தால் இல்லை, குளிர்காலத்திலும் சம்பளம் வரும் என்பதால். பிரியம் பிறகு வந்தது. வயதானபின் அந்தத் தீவைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார்” என்று ஒடெத் சிரித்தார்.

பிலோமினா சிரிக்கவில்லை. அவர் கண் கீழே இருந்த வேறொரு இழுப்பறையில் நின்றிருந்தது. அதில் சின்ன முட்டைகள், மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்டவை.

“இது ஆலா முட்டை” என்றார் தமிழில். கேள்வியாகக் கேட்கவில்லை. ஆலா, நம் கடற்கரைகளில் மீன் கொத்தித் திரியும் சின்னப் பறவை.

ஒடெத் சீட்டைப் பார்த்துவிட்டு வியப்போடு தலையாட்டினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். பிலோமினா பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில். இரண்டு மொழியும் கலந்துதான் வந்தது.

“ராமேஸ்வரம் எண்டு சொல்லித்தான் வள்ளக்காரன் எங்களை இறக்கினவன். விடியப் பாத்தால் நடுக்கடலிலை மணல் திட்டி. மரம் இல்லை, தண்ணி இல்லை. பதினொரு பேர். மகனுக்கு மூண்டு வயசு. மூண்டு நாள் ஒருத்தரும் வரேல்ல. திட்டி முழுக்க ஆலா முட்டை. பச்சையாக் குடிச்சம். உடைக்க உடைக்க உள்ளுக்குக் குஞ்சு. அதை எறிஞ்சுபோட்டு அடுத்ததை உடைக்கிறது. தாய்ப் பறவையள் போகவே இல்லை, அண்ணை. தலைக்கு மேலை நிண்டு கத்திக் கத்திக் கொத்தினதுகள். சூசை சாரத்தை விரிச்சுப் பிள்ளையை மூடி வைச்சிருந்தவர். நாலாம் நாள் இந்தியக் கப்பல் வந்து ஏத்தினது. திரும்பிப் பாக்கிறன், அந்தத் திட்டியிலை உடையாத முட்டை ஒண்டும் இல்லை.”

ஒடெத் குனிந்து அந்த இழுப்பறையை முழுதாக இழுத்தார். பஞ்சிலிருந்து ஒரு முட்டையை இரண்டு விரலால் எடுத்து, பிலோமினாவின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பிலோமினா தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஒடெத் யோசித்து, அவர் தோளில் கை வைத்துப் பதில் சொன்னார். இதை மட்டும் பிலோமினா எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

மெட்ரோவில் இடம் கிடைத்து உட்கார்ந்தபிறகு கேட்டேன்: “கடைசியா அந்த அம்மாகிட்ட என்ன கேட்டீங்க?”

“முட்டையை இழந்தால் அதுகள் திரும்ப இடுமோ எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னாங்க?”

“இடுமாம், அண்ணை. காலம் பிந்தாட்டி அந்த வருசமே, அதே மணலிலை இடுமாம்.”

சொல்லிவிட்டு முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே சுரங்க இருட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய அக்காடி நிலையம் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.